அதே பன்னிரண்டு பேர்

நவம்பர் 6, வியாழன்

காலையிலிருந்து தூறல். விழுந்ததெல்லாம் உறைந்து கடை வாசல் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. பனிக்கட்டி கரைய டுவெய்ன் மாமா உப்புக் கொட்டச் சொன்னார், கொட்டினேன். பிறகு வழக்கம்போல் பின்கட்டில் பாத்திரம்.

மதியம் கவர்னர் கோர்லிஸின் ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். அடுத்த வாரம் கவர்னர் நம் கடையில் காப்பி குடிக்கப் போகிறாராம். எந்த மேஜை, வெளிச்சம் எந்தப் பக்கம், வண்டி எங்கே நிற்கும் என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்கள் தலை மறைந்ததும் மாமா வாத்தியார் மாதிரி மார்க் போட்டார்.

"சொன்ன நேரத்துக்கு வந்தானுங்க. டீசல் பம்பை மறிச்சு வண்டி நிறுத்தல. பத்துக்கு எட்டு."

"ஆளு என்ன பேசுறார்னு கேக்க வேணாமாடா?" என்றாள் அம்மா. அம்மா பள்ளி பஸ் ஓட்டுகிறாள். காலை ட்ரிப்புக்கும் மாலை ட்ரிப்புக்கும் நடுவே தம்பி கடையில்தான் இருப்பாள்.

"பேச்சை எவன் வேணா எழுதிக் குடுப்பான்க்கா. பிரசாரத்தை எப்படி நடத்துறான்னு பாரு. ஒரு கூட்டத்தை ஒழுங்கா நடத்தத் தெரியாதவன் நாட்டை என்னத்த நடத்துவான்?"

ஊரில் பாதிப் பேர் இதைத்தான் சொல்கிறார்கள். ஜனாதிபதி வேட்பாளர்களுக்கு முதல் மார்க் போடுவது எங்கள் அயோவாக்காரர்கள்தான். அதில் எல்லோருக்கும் கொஞ்சம் தலைக்கனம்.

நவம்பர் 9, ஞாயிறு

சர்ச்சில் அம்மா யாருக்கோ தலையாட்டிவிட்டு வந்திருக்கிறாள். இன்னொரு வேட்பாளரான செனட்டர் பெல்லமிக்கு வேலை செய்கிற பெண் ஒருத்தி ஜனவரி வரை எங்கள் வீட்டில் தங்கப் போகிறாள். சும்மாதான், வாடகை இல்லை. இந்த வருடம் பாதித் தெருவில் இப்படி யாராவது ஒருவர் தங்கியிருக்கிறார்கள்.

தையல் அறையைக் காலி செய்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். குளியலறை ஒன்றுதான். தினம் காலையில் எதிர்ப்பட்டால் என்ன பேசுவது?

நவம்பர் 11, செவ்வாய்

வந்துவிட்டாள். பெயர் சிமோன். பால்டிமோர். இருபத்து மூன்று வயது. எங்கள் ஊரில் இப்போதைக்குக் கறுப்பினப் பெண் அவள் ஒருத்திதான். மாலை அம்மா அவளைக் கடைக்கு அழைத்து வந்தாள். எல்லோரும் தேவைக்கு மேல் சத்தமாகப் பேசினார்கள், தேவைக்கு மேல் சிரித்தார்கள். அவள் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

இரவு மாடிப்படியில் நேருக்கு நேர். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

"நீ பேசலன்னா பரவால்ல மார்னி," என்றாள். "நான் நாள் பூரா பேசிட்டு வர்றேன். வீட்ல ஒருத்தராவது பேசாம இருந்தா எனக்குப் புண்ணியம்."

நவம்பர் 20, வியாழன்

நேற்று சர்ச் அடித்தளத்தில் பெல்லமி கூட்டம். சிமோன் உதவிக்குக் கூப்பிட்டாள். நான் நினைத்தது நாற்காலி போடும் வேலை என்று. இல்லை, நாற்காலி எடுக்கும் வேலை.

"நூறு நாற்காலி போட்டு நாப்பது பேர் வந்தா கூட்டம் படுதோல்வி. முப்பது போட்டு நாப்பது பேர் வந்தா? நிக்க இடமில்ல. நாளைக்குப் பேப்பர்ல அப்படித்தான் வரும்."

மீதி நாற்காலிகளை நாங்கள் இருவரும் பாய்லர் அறைக்குள் அடுக்கினோம். பிறகு அவள் சர்ச் வேனை எடுத்துக்கொண்டு ஹார்டிங் ஊருக்குப் போய்ப் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு வந்தாள். எல்லோரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். அவர்களுக்கு அரட்டையும் இனிப்பும் போதும். இந்த மாவட்டத்தில் பெல்லமி எங்கே பேசினாலும் முதல் வரிசை அவர்கள்தானாம்.

"அதே பன்னிரண்டு பேரா?"

"அதேதான். பச்சைத் தொப்பி போட்ட தாத்தா இருக்காரே, செனட்டர் ஜோக்கு சொல்றதுக்கு முன்னாடியே சிரிச்சிடறாரு. நான்தான் கையைப் புடிச்சு, 'இருங்க, இன்னும் வரல'ங்கிறேன்."

நான் சிரித்தேன். சத்தமாக. பாய்லர் அறையில் எதிரொலித்தது. என் சிரிப்பை நானே கேட்டு ரொம்ப நாள் ஆகிறது.

நவம்பர் 27, வியாழன். நன்றி நாள்

சிமோன் ஊருக்குப் போகவில்லை, விடுமுறை இல்லை. எங்களோடு சாப்பிட்டாள். வான்கோழி காய்ந்து போயிருந்தது. அம்மா மன்னிப்புக் கேட்டாள். "வெர்னாம்மா, எங்கம்மா செய்ற வான்கோழியை நீங்க சாப்பிட்டிருந்தா இதுக்குக் கோயில் கட்டுவீங்க," என்று சிமோன் இரண்டாம் முறை போட்டுக்கொண்டாள். அம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

மாமா கத்தியைத் துடைத்துக்கொண்டே, "பெல்லமி கூட்டத்துல நிக்கவே இடமில்லையாமே. இந்தக் குளிர்லயும் ஜனம் வருதுன்னா ஆளு நல்லா நடத்துறான்னு அர்த்தம். ஒம்பது," என்றார்.

"நானும் பெல்லமி பக்கந்தான் நிக்கப் போறேன்," என்றாள் அம்மா. "அவரை எனக்குத் தெரியாது. இந்தப் பொண்ணு விடியறதுக்கு முன்ன எழுந்து ஓடறதைப் பாக்குறேனே, அது போதும்."

சிமோன் மேஜைக்கு அடியில் என் காலை லேசாக உதைத்தாள். நாங்கள் இருவரும் எங்கள் தட்டையே பார்த்தோம்.

மாமா மார்க் போடுவது பெல்லமிக்கு. ஆனால் வேன் ஓட்டுவது சிமோன்.

டிசம்பர் 4, வியாழன்

காக்கஸுக்கு, அதாவது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் ஊர்க்கூட்டத்துக்கு, நானும் வர வேண்டும் என்கிறாள் சிமோன். எனக்குப் பதினேழுதான், ஆனால் நவம்பர் தேர்தலுக்குள் பதினெட்டு ஆகிவிடும், அதனால் நிற்கலாமாம்.

வாக்குச் சீட்டு, திரை எல்லாம் இருந்தால் போயிருப்பேன். காக்கஸில் அது கிடையாது. ஊர் மொத்தமும் பள்ளியின் கூடைப்பந்துக் கூடத்தில் கூடும். ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு மூலை. யார் பக்கமோ அந்த மூலையில் போய் எல்லோரும் பார்க்க நிற்க வேண்டும். தலையை எண்ணுவார்கள். நூற்றுக்குப் பதினைந்து பேர் தேறாத மூலை கலைந்துவிட வேண்டும்.

அதுவும் அந்தப் பள்ளி. வகுப்பு முன்னால் நின்று பேசச் சொல்லி, நான் வாயைத் திறந்து, ஒன்றும் வராமல், அப்படியே நின்றுகொண்டிருந்த பள்ளி. யாரோ கடிகாரத்தைப் பார்த்து நொடி எண்ணிய பள்ளி. பதினாறு முடிந்த வாரமே படிப்பை விட்டுவிட்டேன். பிறகு அந்தக் கதவுப் பக்கம் போகவே இல்லை.

சிமோனிடம் இதையெல்லாம் சொன்னேன். இவ்வளவு நீளமாக யாரிடமும் சொன்னதில்லை.

"பேச வேணாம்," என்றாள். "வந்து நில்லு. என் பக்கத்துல நில்லு. எண்ணும்போது ஒண்ணு கூடும், அவ்வளவுதான்."

சரி என்றேன்.

டிசம்பர் 11, வியாழன்

பனிப்புயல். நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள். பள்ளத்தில் இறங்கிய கார் ஒன்றை இழுக்க மாமா டிராக்டரோடு போய்விட்டார். கடையில் நானும் ஒரே ஒரு வாடிக்கையாளரும். கிழக்கே ஏதோ பெரிய பத்திரிகையின் நிருபர். பெயர் லாத்ரப். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நனைந்த ஷூவை, கடையைச் சூடாக்கும் ரேடியேட்டர் மேல் காயவைத்துவிட்டு வெறும் சாக்ஸோடு உட்கார்ந்திருந்தார். காப்பி ஊற்ற நான்தான் போக வேண்டியிருந்தது.

"நீ யார் பக்கம்மா நிக்கப் போற?"

பெல்லமி என்றேன்.

"ஏன்?"

மாமா கடைக்கு வருகிற எவரும் என்னிடம் ஏன் என்று கேட்டதில்லை. அவர் பேனாவைக்கூட எடுக்கவில்லை. கோப்பையைப் பிடித்துக்கொண்டு சும்மா காத்திருந்தார்.

"நல்லா நடத்துறாங்க," என்றேன்.

"அப்படியா? பெரிய ஊர்ல எல்லாரும் பெல்லமி பிரசாரமே ஒரே குளறுபடிங்கிறாங்களே."

எனக்குச் சுருக்கென்றது. சிமோனைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது. இங்கே அப்படியில்லை என்றேன். எப்படி என்று கேட்டார். சொன்னேன். அவள் எத்தனை கெட்டிக்காரி என்று அவருக்குத் தெரிய வேண்டாமா? நாற்காலிகளைப் பாய்லர் அறைக்குள் வைத்தது, வேன், ஹார்டிங் ஊர்ப் பன்னிரண்டு பேர், பச்சைத் தொப்பித் தாத்தா முந்திக்கொண்டு சிரிப்பது, எல்லாம். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பள்ளியில் சிரித்தார்களே, அந்த மாதிரி இல்லை. நான் சொன்ன கதைக்காகச் சிரித்தார்.

"இதை நான் எழுதலாமா?"

"என் பேரைப் போட்டுடாதீங்க." அதை நினைத்தாலே கூச்சமாக இருந்தது.

"போட மாட்டேன். சத்தியமா."

இன்று நான் பேசினேன். முன்பின் தெரியாதவரிடம், ஒரு முழுக் காப்பி ஆறும் வரை. சிமோனிடம் சொல்ல வேண்டும். வேண்டாம், பேப்பரில் வந்ததும் அவளே பார்க்கட்டும்.

டிசம்பர் 14, ஞாயிறு

வந்துவிட்டது.

"வேனில் வரும் பெல்லமி அலை." அதுதான் தலைப்பு. நாற்காலிகள் இருக்கின்றன. பாய்லர் அறை இருக்கிறது. அதே பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். பச்சைத் தொப்பி இருக்கிறது. 'பிரசாரத்துக்கு மிக நெருக்கமான ஒருவர் கூறினார்' என்று இருக்கிறது. சொன்ன வார்த்தையைக் காப்பாற்றிவிட்டார், என் பெயர் இல்லை. நான் சொன்னதில் ஒன்றைக்கூட மாற்றவில்லை. ஆனால் சிமோன் கெட்டிக்காரி என்பது மட்டும் எங்கும் இல்லை.

மாமா கடையில் நின்றுகொண்டு உரக்கப் படித்தார். ஒவ்வொரு வரிக்கும் சிரிப்பு.

"அதான் பாத்தேன், அந்தப் பச்சைத் தொப்பிக்காரன் போன இடமெல்லாம் இருக்கானேன்னு. இவன் நாட்டை நடத்துவானாம். முட்டைதான் மார்க்கு."

கவுண்டரில் இருந்த யாரோ, "செனட்ல ஓட்டெடுப்பு வந்தா அங்கயும் வேன்ல கூட்டிட்டு வருவாரு," என்றார். கடையே அதிர்ந்தது. நான் பின்கட்டில் குழாயை முழுசாகத் திறந்துவிட்டேன்.

டிசம்பர் 15, திங்கள்

சிமோனின் மேலாளர் கெய்த் மாலையிலிருந்து போன் மேல் போன். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் பேசுவது கேட்டது. "நான் யார்கிட்டயும் சொல்லல கெய்த். ஆமா, பாய்லர் ரூம்னு தெரிஞ்சவங்க ரொம்பப் பேர் இல்லதான். தெரியும். தெரியும்."

நாற்காலி எடுத்ததற்கு யாரும் திட்டவில்லை. எல்லோரும் செய்கிற வேலைதானாம். கோர்லிஸ் ஆட்களும் செய்கிறார்களாம். வெளியே சொன்னது யார் என்பதுதான் கேள்வி.

பிறகு என் கதவைத் தட்டினாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். இப்போது சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு என்று காதுக்குள் இரைச்சல்.

"உன்னைக் கேக்க வரல," என்றாள். "நீ இல்லன்னு எனக்குத் தெரியும். நீ யார்கிட்டயும் பேச மாட்டியே."

என் தலையை ஒரு தடவை தடவிவிட்டு எழுந்து போனாள்.

டிசம்பர் 16, செவ்வாய்

சொல்லவில்லை.

டிசம்பர் 18, வியாழன்

சிமோன் அம்மாவைச் சந்தேகப்படுகிறாள், தான் போனில் பேசியது அம்மா காதில் விழுந்திருக்கும் என்று. வாயைத் திறந்து சொல்லவில்லை. ஆனால் சாப்பாட்டு மேஜையில் முன்போல் கதை சொல்வதில்லை. போன் வந்தால் குளிரில் வெளியே போய்ப் பேசுகிறாள். அம்மாவுக்கு அது தெரிந்துவிட்டது.

"என் தையல் ரூமைக் குடுத்தேன். என் மெஷினைத் தூக்கி வாஷிங் மெஷின் பக்கத்துல போட்டிருக்கேன். அவ என்னைக் கோள் சொல்றவ மாதிரி பாக்குறா." அம்மா பாத்திரம் துடைத்துக்கொண்டே சொன்னாள். "அது மட்டுமா, என்னையும் சேத்துல்ல ஏமாத்தியிருக்கா. ஜனம் வருது ஜனம் வருதுன்னு நம்பித்தானே நானும் பெல்லமின்னேன்? நான் கோர்லிஸ் பக்கமே போறேன். அவங்க வேலையாவது சுத்தமா இருக்கு."

அம்மா எந்தத் தப்பும் செய்யவில்லை. சிமோன் செய்தது எல்லோரும் செய்வது. இடையில் நான் ஒருத்தி, துண்டை வைத்துக்கொண்டு, காய்ந்த தட்டையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு.

ஏன் சொல்ல முடியவில்லை? ஒரு நிருபரிடம் காப்பி ஆறும் வரை பேச முடிந்தது. ஒரே ஒரு வார்த்தை, 'நான்தான்', அது மட்டும் ஏன் வரமாட்டேன் என்கிறது?

டிசம்பர் 21, ஞாயிறு

கெய்த்தின் எண்ணுக்கு அடித்தேன். அம்மா சர்ச்சில் இருந்தாள், சிமோன் வெளியே. அவரே எடுத்தார். "ஹலோ?" என்றார். "ஹலோ, யாரு?" என்றார். அவர் பின்னால் நிறையப் போன்கள் மணி அடித்துக்கொண்டிருந்தன. நான் மூச்சுவிடும் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும். "வெக்கமா இல்ல உங்களுக்கு?" என்றார். கோர்லிஸ் ஆட்கள் என்று நினைத்திருப்பார்.

வைத்துவிட்டேன். அவர் கேட்டது சரியான ஆளிடம்தான்.

டிசம்பர் 23, செவ்வாய்

சிமோன் போய்விட்டாள்.

வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். காலையில் கெய்த் போன், மதியத்துக்குள் மூட்டை கட்டிவிட்டாள். அம்மா பஸ்ஸோடு போயிருந்தாள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய கடைசி ட்ரிப். வேறு ஆளை ஓட்டச் சொல்லி மாற்றிக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. வேண்டுமென்றேதான் போனாள் என்று நினைக்கிறேன்.

பையைக் காரில் வைக்க உதவினேன். தையல் அறையை அவள் பெருக்கி, போர்வையை மடித்து, ஜன்னலைக்கூடத் துடைத்து வைத்திருந்தாள்.

"நீ நல்ல பொண்ணு மார்னி," என்றாள். "ஒண்ணு சொல்றேன், மனசுல வச்சுக்க. உங்கம்மாகிட்ட சொல்லாத. பேப்பர்காரன்கிட்ட நான்தான் சொன்னேன்னு கெய்த்கிட்ட ஒத்துக்கிட்டேன்."

"ஏன்?" அது மட்டும் வந்தது.

"இல்லன்னா உங்கம்மா பேரை வெளிய விட்டிருப்பாங்க. தங்க இடம் குடுத்துட்டு முதுகுல குத்தின பொம்பளைன்னு. நான் நாளைக்கு பால்டிமோர்ல இருப்பேன். அவங்க இந்த ஊர்ல இருக்கணும், இந்த ஊர்ப் புள்ளைங்களை ஏத்திட்டு பஸ் ஓட்டணும். கோவம் இருக்கு, இல்லங்கல. ஆனா மூணு வேளையும் சோறு போட்டாங்க."

நான் வாயைத் திறந்தேன். நிஜமாகத் திறந்தேன். வகுப்பில் நின்ற அதே மாதிரி. ஒன்றும் வரவில்லை. அவள் நான் அழப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டு என்னைக் கட்டிக்கொண்டாள்.

கார் திரும்பும் வரை கையாட்டினாள். நானும் ஆட்டினேன். என்ன பொண்ணு நான். என்ன ஜென்மம் இது. கை ஆட்டுறதுக்கு மட்டும் வருது.

டிசம்பர் 25, வியாழன்

அம்மா தவறி நான்கு தட்டு எடுத்து வைத்தாள். மாமாவையும் சேர்த்து நாங்கள் மூன்று பேர்தான்.

ஜனவரி 19, திங்கள்

இன்று காக்கஸ். போனேன்.

கூடைப்பந்துக் கூடத்தில் அதே வாடை, மெழுகும் ஈர ஷூவும். என்னோடு படித்தவர்கள் ஐந்தாறு பேர் இருந்தார்கள். ஒருத்தி கையாட்டினாள். கோர்லிஸ் மூலையில் பலூன், சூடான சாக்லேட், ஆளுக்கொரு அட்டை. அம்மாவும் மாமாவும் அங்கே.

பெல்லமி மூலையில் ஒரு கிழிந்த பதாகை. சிமோனுக்குப் பதிலாக வரவேண்டிய ஆள் வரவே இல்லை. நான் போய் நின்றேன். பக்கத்தில் இடம் காலியாக இருந்தது.

எண்ணினார்கள். எங்கள் மூலைக்கு மூன்று பேர் குறைந்தது. மறு எண்ணிக்கைக்கு முன்பு ஒவ்வொரு மூலையும் ஒரு நிமிடம் பேசலாம் என்று தலைவர் சொன்னார். கோர்லிஸ் பக்கம் ஒருவர் காகிதத்தைப் பார்க்காமல் பேசினார். பிறகு எங்கள் முறை. எங்கள் மூலையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாதிரியாரின் மனைவி என்னைப் பார்த்து, "அந்தப் பொண்ணு உங்க வீட்லதானே இருந்தா. நீ ரெண்டு வார்த்தை சொல்லேன்," என்றார்.

எல்லாத் தலையும் திரும்பின. அம்மா தலையும்.

தரையில் நீலக் கோடு ஒன்று போகிறது. அதன் ஓரத்தில் பெயின்ட் உரிந்திருக்கிறது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், தலைவர் "சரி, நேரம் முடிஞ்சுது" என்று சொல்லும் வரை.

எங்கள் மூலை கலைந்தது. ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் வந்து கையைப் பிடித்து இழுத்தார்கள், கல்யாண வீட்டில் சாப்பிடக் கூப்பிடுவது மாதிரி. நான் எங்கும் போகவில்லை. வெளியே வந்து காரில் உட்கார்ந்துகொண்டேன்.

திரும்பும் வழியில் அம்மா சொன்னாள்: "நீ ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன்டி. நாலு எட்டுதான். அந்தப் பலூனுக்குக் கீழ நிக்கவே எனக்குக் கூச்சமா இருந்துச்சு."

ஜனவரி 20, செவ்வாய்

அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

காலையில், அவள் பஸ்ஸைச் சூடேற்றிக்கொண்டிருந்தபோது. படிக்கட்டில் ஏறி நின்று சொன்னேன். லாத்ரப், காப்பி, நாற்காலி, சிமோன் தன் மேல் போட்டுக்கொண்டது, யாருக்காகப் போட்டுக்கொண்டாள் என்பது. இன்ஜின் சத்தத்தில் சில இடங்களைத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. அது ரொம்பக் கஷ்டம். ஒருமுறை சொல்வதையே மறுமுறை உரக்கச் சொல்வது.

அம்மா என்னைத் திட்டவில்லை. ஸ்டீயரிங் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள்.

"பால்டிமோருக்கு எத்தனை தூரம். நான் அந்தப் பொண்ணுக்கு ஒரு சாண்ட்விச் கட்டிக் குடுக்கல மார்னி."

பிறகு, "நம்பர் ஃப்ரிட்ஜ் மேல ஒட்டியிருக்கு. நான் பேச மாட்டேன். நீ பேசு," என்று கதவை மூடிவிட்டுப் போனாள்.

ஜனவரி 25, ஞாயிறு

இரண்டு நாள் போனை எடுத்தேன், வைத்தேன். இன்று எடுத்தேன், வைக்கவில்லை.

"நான் மார்னி."

"மார்னியா? போன்லயா?" சிரித்தாள். சிரிக்காமல் இருந்திருக்கலாம். "என்னம்மா, நல்லா இருக்கியா? அம்மா எப்படி இருக்காங்க?"

"அம்மா இல்ல. நான்தான். பேப்பர்காரர்கிட்ட சொன்னது நான்தான்."

அவள் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதை நிறுத்தினார்கள்.

"உங்களை நல்லவிதமாச் சொல்லணும்னுதான் சொன்னேன். எவ்வளவு நல்லா நடத்துறீங்கன்னு. அவர் அப்படி எழுதுவார்னு நெனைக்கல. நீங்க வந்து கேட்டப்பவே சொல்லியிருக்கணும்."

"நான் கேக்கல," என்றாள் மெதுவாக. "உன்னைக் கேக்கவே இல்ல."

நான் காத்திருந்தேன். எனக்குக் காத்திருக்கத் தெரியும்.

"கார்ல ஏறும்போதாவது சொல்லியிருக்கலாம் மார்னி. நான் அயோவா தாண்டுற வரைக்கும் உங்கம்மாவைத் திட்டிட்டே ஓட்டினேன்."

"ஆமா."

"எனக்கு இப்ப எந்தக் கட்சி ஆபீஸ்லயும் வேலை குடுக்க மாட்டாங்க. ரகசியம் காக்கத் தெரியாதவன்னு பேரு."

"கெய்த்கிட்ட நான் சொல்றேன்."

"சொல்லு. இன்னும் அவர் அந்த நம்பர்ல இருந்தா சொல்லு." பெருமூச்சு விட்டாள். "சரி. சொன்னதுக்குத் தேங்க்ஸ். நான் வைக்கிறேன்."

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

ஜனவரி 26, திங்கள்

கெய்த்துக்கு அடித்தேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை. அயோவா ஆபீஸையே மூடிவிட்டார்களாம்.

பிப்ரவரி 12, வியாழன்

செனட்டர் பெல்லமி விலகிவிட்டார். டிவியில் மனைவி தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். இத்தனை நாளில் அவர் என்ன பேசினார் என்று நான் கவனித்துக் கேட்டது இன்றுதான். விவசாயக் கடன் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மாமா சேனலை மாற்றிவிட்டார்.

"நடத்தத் தெரியல. அவ்வளவுதான்."

"ஆளை வச்சுக்கத் தெரியல," என்றார் கவுண்டரில் ஒருவர். "அந்த பால்டிமோர் பொண்ணு. அந்த மாதிரி ஆளுங்களை வேலைக்கு வச்சா இப்படித்தான். வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்கத் தெரியாது."

அந்த மாதிரி ஆளுங்க. எல்லோரும் தலையாட்டினார்கள். எத்தனை சுலபமாகத் தலையாட்டினார்கள்.

நான் பின்கட்டிலிருந்து வந்தேன். கையில் நுரை.

"அவ இல்ல," என்றேன். "நான்."

யாருக்கும் புரியவில்லை. இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது, உரக்க. பிறகு முழுவதையும் சொல்ல வேண்டியிருந்தது. அடுப்பில் முட்டை கருகும் வாசனை வந்தது.

பிப்ரவரி 13, வெள்ளி

மாமாவுக்குக் கோபம். "எல்லாம் முடிஞ்சு போச்சு. இப்ப எதுக்கு ஊர் வாயில விழற? வியாபாரம் பண்ற இடம் இது."

முடியவில்லை மாமா. அவர்கள் இன்னும் அவளைச் சொல்கிறார்கள்.

மார்ச் 4, வியாழன்

பனி உருகுகிறது. வாசலெல்லாம் சேறு. அம்மா தையல் மெஷினை இன்னும் அந்த அறைக்குத் திருப்பிக் கொண்டுபோகவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. சிமோன் போன் செய்யவில்லை.

இப்போதெல்லாம் கடையில் முன்பக்கமும் நான்தான். இன்று வேறு மாவட்டத்திலிருந்து விதை விற்கும் ஆள் ஒருவர் வந்தார். காக்கஸ் பேச்சு எடுத்தார். இன்னும் ஒரு வருடத்துக்கு அந்தப் பேச்சு ஓடும்.

"உங்க ஊர்தானே அந்த வேன் கதை? யாரோ ஒரு கறுப்புப் பொண்ணு போய்ப் பேப்பர்ல உளறிட்டாளாமே."

"அவ இல்லங்க. உளறினது நான்."

அவர் சிரிக்கலாமா என்று தெரியாமல் மாமாவைப் பார்த்தார். மாமா அடுப்பைப் பார்த்தார். பிறகு, திரும்பாமலே, "ஆமா. இவதான்," என்றார்.

காப்பி ஊற்றினேன். ஆப்பிள் பை வேண்டுமா, செர்ரி பை வேண்டுமா என்று கேட்டேன்.

செர்ரி என்றார். கொண்டுவந்து வைத்தேன்.